புகாரை எங்கே கொடுப்பது: கல்லூரிக் குழுவிலா, கலெக்டர் ஆபீஸிலா, காவல் நிலையத்திலா?

"காலேஜ்ல இப்படி ஒரு தொல்லை, யார்கிட்டப் போறது?" என்று பாலியல் துன்புறுத்தலுக்கோ சாதிப் பாகுபாட்டுக்கோ ஆளான ஒருவர் கேட்டால் வட சென்னையில் பெரும்பாலும் பதிலாக வருவது இன்னொரு கேள்விதான்: "அங்கே தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?" துறைத்தலைவரோடு கூடப் படித்தவர், சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர், கவுன்சிலர், ஸ்டேஷனில் ஏட்டாக இருக்கும் சித்தப்பா என்று ஆள் தேடி, எதுவும் பலிக்காமல் போன பிறகுதான் சட்டப்படி ஒரு குழு இருப்பது நினைவுக்கு வரும். பல பேருக்கு அதற்குள் புகார் கொடுக்கும் கெடு முடிந்திருக்கும்.

பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி, மாதவரம் என்று இந்தப் பக்கம் அரசு கலைக் கல்லூரியும் இருக்கிறது, உதவி பெறும் கல்லூரியும் இருக்கிறது, மருத்துவக் கல்லூரியும் கால்நடைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. உள்ளே வேலை பார்ப்பவர்களின் நிலைமை ஒன்றுபோல இருக்காது. நிரந்தரப் பேராசிரியைக்கு ஓய்வூதியம் வரை உத்தரவாதம் உண்டு. கௌரவ விரிவுரையாளருக்கு அடுத்த ஆண்டு ரினியூவல் ஆகி மறுபடி அழைப்பு வருமா என்பதே தெரியாது. ஆய்வு மாணவியின் பட்டம் கைடு, அதாவது ஆய்வு வழிகாட்டி, கையில். ஏஜென்சி மூலம் வரும் துப்புரவுப் பணியாளரை "நாளையிலிருந்து வேற சைட்டுக்குப் போம்மா" என்று மேஸ்திரி ஒரு போனில் மாற்றிவிடலாம். நால்வருக்கும் ஒரே தொல்லை நடந்தாலும் நால்வருக்கும் ஒரே வழி சரிப்படாது. கல்லூரிப் புகார்க் குழுக்களில் வெளி உறுப்பினராக உட்கார்ந்த அனுபவத்தில் சொல்கிறேன், வழி தெரியாமல் தோற்றவர்களைவிடத் தனக்குப் பொருந்தாத வழியில் போய்த் தோற்றவர்கள்தான் அதிகம்.

ஒப்பிடும் முன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கு என்ன வேண்டும்? திங்கட்கிழமை முதல் அந்த ஆளிடம் கையெழுத்துக்குப் போய் நிற்காமல் இருந்தால் போதுமா? அவர் மீது துறை நடவடிக்கை வர வேண்டுமா? வழக்குப் போட்டுத் தண்டனை வாங்கித்தர வேண்டுமா? முதலாவதைப் போலீஸால் தர முடியாது. மூன்றாவதைக் கல்லூரிக் குழுவால் தர முடியாது. இதைப் பிரித்துப் பார்க்காமல் "நியாயம் கிடைக்கணும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனால் ஒவ்வொரு மேசையிலும் "அது எங்க வேலை இல்லைங்க" என்ற பதில்தான் கிடைக்கும்.

"நான் சொல்லி வைக்கிறேன்மா"

முதல் வழி, எழுத்தில் எதுவும் கொடுக்காமல் பேசிப் பார்ப்பது. எல்லாரும் சொல்லும் யோசனை இது. ஆபீஸ் சூப்பிரண்டு நல்ல மனுஷராகவே இருப்பார். "எழுதிக் கிழுதிக் கொடுத்துடாதே, நான் சார்கிட்டச் சொல்லி வைக்கிறேன்மா" என்பார். இரண்டு வாரம் சும்மா இருக்கும். அப்புறம் பழையபடி ஆரம்பிக்கும். மறுபடி சொல்லி வைப்பார். நடுவில் செமஸ்டர் லீவு வரும், தேர்வு வரும்.

பணம் செலவில்லை, பெயர் வெளியே வராது, வேலைக்கு ஆபத்தில்லை என்று நினைத்துத்தான் இந்த வழிக்குப் போகிறோம். ஆனால் இதற்கும் ஒரு விலை இருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில், கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். அதற்கு மேல் கிடையாது. பேச்சுவார்த்தையில் போன நாளெல்லாம் இந்தக் கணக்கில்தான் கழிகிறது.

இது எவ்வளவு கறாரான கணக்கு என்பதற்கு 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு ஒன்றே போதும். மேற்கு வங்கத்தில் ஒரு சட்டப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியை, துணைவேந்தர் மீது புகார் கொடுத்தார். கடைசிச் சம்பவம் 2023 ஏப்ரலில், புகார் அதே ஆண்டு டிசம்பரில். இடையில் ஆகஸ்டில் தன்னைப் பொறுப்பிலிருந்து நீக்கியதும் அந்தத் தொல்லையின் தொடர்ச்சிதான் என்று அவர் வாதாடினார். அது நிர்வாக நடவடிக்கை, பாலியல் துன்புறுத்தலின் தொடர்ச்சியாக எடுத்துக்கொள்ள முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. புகார் காலம் கடந்தது என்ற முடிவு நின்றது. கூடவே இந்தத் தீர்ப்பைத் துணைவேந்தர் தன் தன்விவரக் குறிப்பில் சேர்க்க வேண்டும் என்று ஒரு விநோதமான உத்தரவும் போட்டார்கள். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் விசாரணை என்ற ஒன்று நடக்கவில்லை. சட்டம் கற்றுக்கொடுப்பவருக்கே கெடு தவறியிருக்கிறது, நம் ஊர்க் கௌரவ விரிவுரையாளரை என்ன சொல்வது?

பேசிப் பார்ப்பதே கூடாது என்று சொல்லமாட்டேன். சம அந்தஸ்தில் இருக்கும் ஒருவர் அசிங்கமான ஜோக் ஒன்றை முதல் தடவை அனுப்புகிறார் என்றால், "இப்படி அனுப்புவது எனக்குப் பிடிக்கவில்லை, இனி வேண்டாம்" என்று அதே வாட்ஸ்அப்பில் பதில் போடுவது நல்ல வழி. பல பேர் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். நிறுத்தாவிட்டால் அந்தப் பதிலே பின்னால் சான்றாகும். மேலதிகாரியிடம் இந்த முறை எடுபடாது. காலண்டரில் ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு பேசுங்கள். அந்தத் தேதி தாண்டினால் எழுத ஆரம்பித்துவிட வேண்டும்.

கல்லூரியின் உள் புகார்க் குழு

எல்லாரும் ஐ.சி.சி. என்று சொல்லும் குழு இதுதான். இதன் மேல் இருக்கும் அவநம்பிக்கை நியாயமானது. "முதல்வர் போட்ட குழு முதல்வர் சொல்றதைத்தான் கேட்கும்" என்பார்கள். பல இடங்களில் அப்படித்தான். ஆனாலும் நான் பெரும்பாலானவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்கிறேன். காரணம், கல்லூரிக்குள்ளேயே அன்றாட வேலையை மாற்றப் பரிந்துரைக்கும் அதிகாரம் இந்தக் குழுவுக்கு இருக்கிறது.

விசாரணை முடியும் முன்பே, நீங்கள் எழுதிக் கேட்டால், குழு இடைக்கால ஏற்பாடு பரிந்துரைக்கலாம். உங்களையோ அவரையோ இடம் மாற்றலாம். மூன்று மாதம் வரை விடுப்பு தரலாம், அது உங்கள் விடுப்புக் கணக்கில் கழியாது. உங்கள் வேலையைப் பற்றி அவர் அறிக்கை எழுதக் கூடாது என்று தடுக்கலாம். கல்வி நிலையங்களுக்கென்றே விதியில் ஒரு வரி தனியாக இருக்கிறது: புகார் கொடுத்தவரின் கல்விப் பணி எதையும் எதிர்த்தரப்பு மேற்பார்வை செய்யாமல் தடுக்கலாம். ஆய்வு மாணவிக்கு இந்த வரி தங்கம். கைடு மாற்றத்துக்கு ஒரு வருஷம் அலைவதை இது சில வாரங்களில் முடிக்கும். ஆனால் நீங்களாகக் கேட்க வேண்டும். கேட்காமல் குழு தானாக எதுவும் செய்யாது. புகாரின் கடைசிப் பத்தியில் "விசாரணை முடியும் வரை எனக்கு இன்ன ஏற்பாடு வேண்டும்" என்று எழுதாமல் போனவர்கள்தான் எனக்குத் தெரிந்து மிக அதிகம்.

குழு உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். உறுப்பினர் பெயர்கள் ஒட்டியிருக்கும் போர்டைப் பாருங்கள். தலைவர் மூத்த பெண் பேராசிரியராக இருக்க வேண்டும். ஆசிரியர் இருவர், ஆசிரியரல்லாத ஊழியர் இருவர், வெளியிலிருந்து ஒருவர். விவகாரத்தில் மாணவர் சம்பந்தப்பட்டிருந்தால் மூன்று மாணவப் பிரதிநிதிகள். பாதிப் பேராவது பெண்கள். துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத்தலைவர் போன்ற நிர்வாகப் பதவியில் இருப்பவர்கள் குழுவில் இருக்கக் கூடாது என்று யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2015 விதிகள் சொல்கின்றன. போர்டில் துறைத்தலைவர் பெயர் இருந்தால் அதை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். மாற்றலாகிப் போனவர் பெயர் இன்னும் இருந்தால், கூட்டமே நடப்பதில்லை என்று அர்த்தம்.

காலக்கணக்கு காகிதத்தில் நன்றாகவே இருக்கிறது. புகார் கிடைத்த ஏழு வேலை நாளில் எதிர்த்தரப்புக்கு நகல் போக வேண்டும், பத்து வேலை நாளில் அவர் பதில் தர வேண்டும், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும், அதன்பின் பத்து நாளில் அறிக்கை. பரிந்துரையை நிறைவேற்றச் சட்டம் நிர்வாகத்துக்கு 60 நாள் தருகிறது, யுஜிசி விதி 30 நாள்தான் தருகிறது. வக்கீல் இரு தரப்புக்கும் கிடையாது. வட சென்னைக் குடும்பங்களுக்கு இது பெரிய நிம்மதி, பாரிமுனையில் பீஸ் கொடுத்து வக்கீல் வைக்க வேண்டாம். நடந்ததை வெளியே சொல்லக் கூடாது என்ற கட்டுப்பாடு எல்லா உறுப்பினருக்கும் உண்டு.

இந்தக் குழு அறிக்கையின் எடையைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். அதைத் துறை விசாரணை அறிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சொல்லிவிட்டது. அதாவது, நிரந்தரப் பேராசிரியர் மீது மறுபடி முதலிலிருந்து இன்னொரு விசாரணை வைக்கத் தேவையில்லை. ஆனால் குழுவே அவசரப்பட்டால் எல்லாம் கெட்டுப்போகும். கோவா பல்கலைக்கழகத்தில் ஒரு துறைத்தலைவர் மீது நடந்த விசாரணையில் அவருக்குப் பதில் சொல்லப் போதிய வாய்ப்புத் தராமல் குழு வேக வேகமாக முடித்துவிட்டது என்று சொல்லி, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் பதவிநீக்கத்தையே ரத்து செய்து விசாரணையைத் திருப்பி அனுப்பியது. புகார் எழுந்தது 2009-இல்! ஆகவே, குழு எதிர்த்தரப்பையும் கூப்பிட்டுக் கேட்டால், அவர் எழுதிக் கொடுத்த கேள்விகளை உங்களிடம் கேட்டால், "எனக்கு எதிராகப் போகிறார்கள்" என்று கோபப்படாதீர்கள். உங்களுக்குச் சாதகமான அறிக்கை கோர்ட்டில் நிற்பதற்கு அதெல்லாம் தேவை.

"நான் அந்த அர்த்தத்தில் சொல்லலைங்க" என்பது எதிர்த்தரப்பின் நிரந்தர வாக்கியம். சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் ஒரு வழக்கில் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது: செய்தவரின் உள்நோக்கம் என்ன என்பதைவிட, அந்த நடத்தை எதிரில் இருப்பவருக்கு எப்படிப் பட்டது என்பதுதான் அளவுகோல். அது கல்லூரி வழக்கு இல்லை, தனியார் நிறுவன வழக்கு. ஆனால் கல்லூரிக் குழுக்களும் இதையே பிடித்துக்கொள்ளலாம்.

புகாரை எப்படி எழுதுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் புகார் இங்கேயே நொண்டியடிக்கிறது. "துறைத்தலைவர் பெண்களிடம் நடந்துகொள்ளும் விதம் சரியில்லை, தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பார்கள். இதை வைத்து யாரையும் எதையும் கேட்க முடியாது. இப்படி எழுத வேண்டும்: "இன்ன தேதி, வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு மேல், உள்மதிப்பீட்டு மதிப்பெண் பட்டியலில் கையெழுத்து வாங்க அவர் அறைக்குப் போனேன். கதவைச் சாத்திவிட்டு வரச் சொன்னார். பட்டியலை வாங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, ரினியூவல் லிஸ்ட் என் மேசையில்தான் இருக்கு என்றார். வெளியே வந்ததும் வராந்தாவில் அட்டெண்டர் அக்கா, ஏம்மா முகம் இப்படி இருக்கு என்று கேட்டார்." தேதி, இடம், சொன்ன வார்த்தை அப்படியே, பார்த்தவர் அல்லது உடனே கேட்டவர். அந்த அட்டெண்டர் அக்கா நேரில் பார்த்த சாட்சி இல்லைதான், ஆனால் அவர் சொல்வதற்கு மதிப்பு உண்டு. மொத்தம் ஆறு பிரதிகள், ஆவணங்களும் சாட்சிகளின் பெயர், முகவரியும் சேர்த்து. தபால் பிரிவில் கொடுத்து உங்கள் நகலில் சீலும் இன்வார்டு எண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். எழுத வராதவர் என்றால் எழுத உதவுவது குழுவின் கடமை.

புகார் கொடுத்த மறுநாளே "சமாதானமாப் போயிடலாமே" என்று தூது வரும். சட்டத்திலும் சமரசத்துக்கு இடம் உண்டு, ஆனால் கேட்க வேண்டியது நீங்கள்தான், குழு உங்கள் மேல் திணிக்கக் கூடாது. பணம் கொடுத்து முடிப்பதாகவும் இருக்கக் கூடாது. சமரசம் ஆகிவிட்டால் விசாரணை கிடையாது. தொல்லை கொடுத்தவர் உங்கள் ரினியூவலில் கையெழுத்துப் போடுபவராக இருந்தால் சமரசத்துக்குப் போகாதீர்கள் என்பது என் கருத்து. அந்தக் கையெழுத்து அடுத்த வருஷமும் அவரிடம்தான் இருக்கும்.

இன்னொரு பயம், "நிரூபிக்க முடியாவிட்டால் என் மேலேயே திரும்புமா?" பொய் என்று தெரிந்தே, கெட்ட எண்ணத்தோடு கொடுத்த புகாருக்குத்தான் நடவடிக்கை உண்டு. நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் நடவடிக்கை எடுக்க முடியாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

சிங்காரவேலர் மாளிகை

எதிர்த்தரப்பு முதல்வரோ, செயலரோ, துணைவேந்தரோ என்றால் கல்லூரிக் குழுவுக்குப் போவதில் அர்த்தமில்லை. அந்தக் குழுவை அமைத்தவரே அவர்தான். நிறுவனத் தலைவர் மீதான புகாருக்கும், பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கும் மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு என்று ஒன்று இருக்கிறது. சென்னைக்கு அது ராஜாஜி சாலையில் இருக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாக. கட்டடத்தின் பெயர் சிங்காரவேலர் மாளிகை. 1923-இல் சென்னையில் மே தினம் கொண்டாடிய அதே சிங்காரவேலர்தான், வேலை செய்யும் இடத்துப் புகாரை எடுத்துக்கொண்டு போகப் பொருத்தமான பெயர். கீழேயே சமூக நல அலுவலர் அறை எங்கே என்று கேட்டுக்கொண்டு மேலே போங்கள்.

எந்த மாவட்டம் என்பதில் ஒரு குழப்பம் வரும். திருவொற்றியூர், மாதவரம் எல்லாம் 2018-லிருந்து சென்னை மாவட்டத்தில். மீஞ்சூர், பொன்னேரி, செங்குன்றம் பக்கம் கல்லூரி என்றால் திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். தவறான மாவட்டத்தில் கொடுத்து, அது சுற்றி வரும் நேரமும் அந்த மூன்று மாதக் கணக்கில் போய்விடும்.

இந்தக் குழுவின் பலம், கல்லூரி நிர்வாகத்துக்கு இதில் கைநீட்ட முடியாது. பலவீனம், இதற்குக் கல்லூரி தெரியாது. ரினியூவல் லிஸ்ட் என்றால் என்ன, உள்மதிப்பீட்டு மார்க்கில் கைடுக்கு என்ன அதிகாரம் என்பதெல்லாம் நீங்கள் விளக்க வேண்டும். புகாரோடு ஒரு பக்கம் கல்லூரியின் அதிகார அமைப்பைச் சாதாரணத் தமிழில் எழுதி வைப்பது நல்லது.

கல்லூரியில் குழுவே இல்லை என்றால்? அதுவே தனிக் குற்றம், 50,000 ரூபாய் வரை அபராதம். பல கல்லூரிகள் அபராதத்துக்கு அசைவதில்லை, ஆனால் மாவட்ட அலுவலர் கடிதம் வந்தால் ஒரே வாரத்தில் குழு முளைத்துவிடும்.

காவல் நிலையம்

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் பாலியல் துன்புறுத்தல் 75-ஆவது பிரிவு. விருப்பமில்லாமல் தொடுவது, பாலியல் உதவி கேட்பது, ஆபாசப் படம் காட்டுவது ஆகியவற்றுக்கு மூன்று ஆண்டு வரை, வெறும் பாலியல் பேச்சுக்கு ஒரு ஆண்டு வரை தண்டனை. பின்தொடர்வது 78-ஆவது பிரிவு. கெடுவும் இங்கே தாராளம்: மூன்றாண்டுத் தண்டனைக் குற்றத்துக்கு மூன்று ஆண்டு, ஓராண்டுக் குற்றத்துக்கு ஒரு ஆண்டு. கல்லூரிக் குழுவின் கெடு தவறியவர்களுக்கு மிச்சம் இருக்கும் கதவு இதுதான்.

எப்போது நேராகப் போலீஸுக்குப் போகச் சொல்வேன்? கை வைத்திருந்தால், பின்தொடர்ந்து வீடு வரை வந்தால், படம் எடுத்து மிரட்டினால். இந்த மூன்றிலும் குழு கூடும் வரை காத்திருக்க முடியாது. இந்தப் பிரிவுகளில் பெண் தரும் புகாரைப் பெண் காவல் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும், அதனால் அனைத்து மகளிர் காவல் நிலையம்தான் வசதி. தண்டையார்பேட்டையில் குடியிருப்பவர் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போகத் தயங்குவதற்கு நல்ல காரணம் உண்டு, அங்கே இருக்கும் யாராவது ஒருவர் அதே தெருக்காரராக இருப்பார், ராத்திரிக்குள் செய்தி தெரு முனை வரை போய்விடும். எந்த ஸ்டேஷனிலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம், உரிய ஸ்டேஷனுக்கு அவர்கள் மாற்றுவார்கள் என்ற ஏற்பாடு சட்டத்தில் இருக்கிறது. எழும்பூரிலோ வேறெங்கோ போய்க் கொடுக்கலாம். கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திருப்தி அடைந்துவிடக் கூடாது. அது புகார் வந்ததற்கான ரசீதுதான், வழக்கு ஆகாது.

போலீஸால் முடியாதது என்ன? வழக்குப் பதிவான பிறகும் அவர் அதே அறையில் துறைத்தலைவராக உட்கார்ந்திருக்கலாம். நீங்கள் அதே பட்டியலோடு அங்கே போய் நிற்க வேண்டியிருக்கும். வழக்கு முடிய வருஷங்கள் ஆகும். ஆகவே போலீஸா, குழுவா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியே தப்பு. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாம், ஒன்று இன்னொன்றைத் தடுக்காது. போலீஸில் புகார் கொடுக்க விரும்பினால் உதவ வேண்டியது நிர்வாகத்தின் கடமை என்றும் 2013 சட்டம் சொல்கிறது. கை வைத்த வழக்கில் இரண்டையும் ஒரே வாரத்தில் செய்யுங்கள், இரண்டிலும் தேதியும் வார்த்தையும் ஒன்றாக இருக்கட்டும். முரண்பாடு இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதுவே போதும்.

சாதி என்றால் வேறு கணக்கு

சாதிப் பாகுபாட்டை ஐ.சி.சி.யில் கொடுத்துவிட்டு மாதக் கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. அது அந்தக் குழுவின் வேலையே இல்லை. பாலியல் தொடர்பு இல்லாத புகாரை அவர்கள் எடுத்துக்கொள்ளவே முடியாது.

பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் வந்தது, 2016-லிருந்து திருத்தத்தோடு கடுமையானது. சாதியைச் சொல்லித் திட்டுவது, அவமானப்படுத்துவது குற்றம், ஆனால் பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும். நாலு சுவருக்குள் வெளியார் யாரும் இல்லாதபோது சொன்னது இதில் அடங்காது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே ஸ்டாஃப் ரூமில் நாலு பேர் முன் சொன்னதா, பூட்டிய அறையில் சொன்னதா என்பதைப் பொறுத்து வழக்கு நிற்கும், விழும். பட்டியல் சாதிப் பெண்ணிடம் பாலியல் நோக்கோடு கை வைப்பதும் பேசுவதும் இதே சட்டத்தில் தனிக் குற்றம், அதற்கு இந்தப் பொதுப்பார்வை நிபந்தனை கிடையாது. இது பல வக்கீல்களுக்கே சட்டென்று நினைவுக்கு வராது. விசாரிக்கும் அதிகாரி துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையக் கூடாது, சென்னையில் அது உதவி ஆணையர். அதனால் புகாரின் ஒரு நகலை நேராக உதவி ஆணையருக்கும் அனுப்புங்கள். உதவிக்கு 14566 என்ற தேசிய எண் இருக்கிறது.

ஆனால் கல்லூரியில் சாதி பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லை. ஆய்வகச் சாவி ஒருவருக்கு மட்டும் தரப்படாது. தேர்வுப் பணி வரும்போது ஒரு பெயர் மட்டும் விடுபடும். டைம்டேபிளில் கடைசி மணிநேரமெல்லாம் ஒருவருக்கே விழும். இதற்குக் குற்ற வழக்கு நிற்காது. இங்கே பொருந்தும் வழி தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையமோ, 2021 சட்டப்படி அமைந்த மாநில ஆணையமோதான். தேசிய ஆணையத்துக்குச் சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் உரிமையியல் நீதிமன்ற அதிகாரம் உண்டு. ஆணையத்துக்கு வேண்டியது கோபம் நிறைந்த பக்கங்கள் இல்லை, ஒப்பீட்டு ஆவணம்: மூன்று வருட டைம்டேபிள், மூன்று வருடத் தேர்வுப்பணிப் பட்டியல், யாருக்கு எத்தனை. அதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிக்கொள்ளலாம். யுஜிசியின் 2012 சமத்துவ விதிகளைச் சிலர் காட்டுவார்கள், அவை மாணவர்களை மனதில் வைத்து எழுதியவை, ஊழியருக்கு அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகாருக்கான மத்திய அரசின் ஷீ-பாக்ஸ் இணையதளம் தானாக விசாரிக்காது, உங்கள் புகாரை உரிய குழுவுக்குத் தள்ளிவிடும். ஆனால் தேதி பதிவாவதால் "புகாரே வரவில்லை" என்று கல்லூரி சொல்ல முடியாது, அதற்காகவே அதில் ஒரு பிரதி போடலாம். பெண்களுக்கான 181 உதவி எண் முதல் நாள் பதற்றத்துக்கு நல்லது. மாநில மகளிர் ஆணையம் அறிக்கை கேட்டு எழுதும், தண்டிக்காது. உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுவது, குழு கூட மறுக்கும்போதும் பரிந்துரையை நிர்வாகம் கிடப்பில் போடும்போதும் மட்டும். முதல் நாளே அங்கே போனால் "குழுவிடம் போனீர்களா?" என்றுதான் கேட்பார்கள்.

அவரவர்க்கு எது

கௌரவ விரிவுரையாளருக்கும் சுயநிதிப் பிரிவு ஆசிரியைக்கும்: முதல் மாதமே கல்லூரிக் குழு, இடைக்கால ஏற்பாட்டைக் கேட்டு. ரினியூவல் தேதிக்கு முன் புகார் பதிவாகியிருந்தால், பிறகு நீக்கினாலும் அதைப் பழிவாங்கல் என்று காட்ட வழி இருக்கும். நீக்கிய பிறகு கொடுக்கும் புகாரை "வேலை போன கோபம்" என்று சொல்லிவிடுவார்கள்.

ஏஜென்சி மூலம் வரும் துப்புரவுப் பணியாளரும் காவலாளி அக்காவும் கல்லூரி ஊழியர் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒப்பந்தக்காரர் மூலம் வருபவரும் ஊழியர்தான் என்று 2013 சட்டத்தின் வரையறையே சொல்கிறது, கல்லூரிக் குழுவிலேயே கொடுக்கலாம். இவர்களுக்கு மட்டும் நான் சங்கத்தையும் கூட அழைத்துப் போகச் சொல்வேன். 1918-இல் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் வைத்த ஊர் இது. தனியாகப் போனால் அடுத்த நாள் வேறு சைட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், நாலு பேர் கூட நின்றால் மேஸ்திரி யோசிப்பார்.

செய்முறைத் தேர்வுக்கு வெளிக் கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர் தொல்லை கொடுத்தால், அவர் கல்லூரி எங்கே இருக்கிறது என்று தேடிப் போக வேண்டாம். உங்கள் கல்லூரிக் குழுவே விசாரிக்கலாம் என்று 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது.

ஆண் ஊழியர்களுக்கு 2013 சட்டத்தில் இடமில்லை. மாணவர், மூன்றாம் பாலினத்தவர் ஆகியோரும் பாதிக்கப்படலாம் என்று யுஜிசி விதிகள் ஒப்புக்கொள்கின்றன, ஆகவே மாணவர்கள் குழுவிடம் போகலாம். ஆண் ஊழியர் நிர்வாகத்திடம் நடத்தை விதிகளின்படி எழுதிக் கொடுப்பதுதான் நடைமுறை வழி.

முதல்வர்களுக்கும் ஒரு தேர்வு இருக்கிறது. மார்ச் 8-ஆம் தேதி ஒரு விருந்தினரைக் கூப்பிட்டு, சால்வை போட்டு, விழிப்புணர்வு உரை வைப்பது ஒன்று. கைடு மாற்றத்துக்குக் காரணம் கேட்காத விதி, மாலை ஐந்து மணிக்கு மேல் தனியாகக் கையெழுத்துக்கு யாரையும் கூப்பிடக் கூடாது என்ற சுற்றறிக்கை, ரினியூவல் பட்டியலில் ஒருவர் கையெழுத்துக்குப் பதில் மூவர் கையெழுத்து என்று மாற்றுவது இன்னொன்று. முதலாவது போட்டோவுக்கு நன்றாக இருக்கும், கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வந்தால் கோப்பில் காட்டலாம். இரண்டாவதற்குப் பணமே செலவில்லை, ஆனால் துறைத்தலைவர்கள் முணுமுணுப்பார்கள். எனக்குத் தெரிந்து அந்த மூவர் கையெழுத்து முறைக்கு மாறிய கல்லூரியில், "ரினியூவல் லிஸ்ட் என் மேசையில்தான் இருக்கு" என்று சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை.